ஸாரிக்குப் பதில் டீ

கும்மிடிப்பூண்டி லோக்கலில், கம்பெனி சீருடையில் இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்க டைரக்டர் படத்துல யாருமே ஸாரி கேக்க மாட்டாங்க. டீ போட்டு எதுர்ல வெப்பாங்க, அவ்ளோதான். நேத்து சண்டைக்கு அப்புறம் நானும் ஊட்டுக்காரருக்குப் போட்டு வெச்சேன்.”

“குடிச்சாரா?”

“அவரும் அதே டைரக்டர் ஃபேனுடி. எழுந்து போயி எனக்கு ஒரு டீ போட்டுக்கினு வந்து வெச்சாரு. ரெண்டு பேரும் தொடல, ரெண்டும் ஆறிப்போச்சு. படத்துல அங்கயே டைரக்டரு கட் பண்ணிடுவாரு. ஊட்ல யாரு கட் பண்றது?”

“பேஜாரா கீதே. போன் போட்டு ஸாரின்னு சொல்லித் தொல.”

பொன்னேரி தாண்டியதும் அவள் போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டாள். அவர் எடுத்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“டீ குடிச்சியா?”