தொரைக்கு வெள்ளிக்கிழமைதான்

“தொரைய வெள்ளிக்கிழம வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லிட்டேன்.”

தெஹியோவிட்டையிலிருந்து அவிசாவளை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் சொன்னாள். மடியில் ஸ்பேனர் பையும் சுருட்டிய பிளாஸ்டிக் குழாயும் இருந்தன. பக்கத்தில் இருந்த இளையவள் திரும்பிப் பார்த்தாள்.

“நம்ம தோட்டத்துத் தொரையவா அக்கா?”

“அவரத்தான். பங்களாவுல பூச்செடிக்குத் தண்ணி தெளிக்கிற பைப்பு ஒடஞ்சிருச்சாம். மழையில்லாம புல்லெல்லாம் காயுது, இன்னைக்கே வான்னு போன் பண்ணுனாரு.”

“போயிருக்கலாமே.”

“இன்னைக்கு லயத்து வரிசை வீட்டுல சரசுவோட கீரப்பாத்திக்குப் பைப்பு போடணும். நாளைக்கு டீச்சர் வீடு. மொதல்ல சொன்னவங்களுக்குத்தானே மொதல்ல.”

“கூலி?”

“லயத்துக்கும் பங்களாவுக்கும் ஒரே வெலதான். வந்து பாக்குற காசக் கொறைக்கச் சொன்னாரு. கொறைக்கல.”

“ஒத்துக்கிட்டாரா?”

“ஹரி ஹரி, சரிதான்னாரு. அப்புறம், வேலையாளுக வர்ற பின் கேட்டால வான்னாரு.”



“நீங்க என்னா சொன்னீங்க?”

“மெயின் வால்வு முன் கேட்டுகிட்டதானே இருக்கு. முன் கேட்டு எட்டு மணிக்குத் தொறந்திருக்கணும், இல்லாட்டி அடுத்த வாரந்தான்னு சொன்னேன்.”

“தொறப்பாங்களா?”

“அவரே வந்து தொறக்குறேன்னாரு.”