எந்த மூலையிலிருந்து எண்ணுவது

செங்கம் ரோட்டு டீக்கடையில் இட்லி பரவாயில்லை, அய்யா. செழியனுக்குத் தினமும் நான்தான் வாங்கிப் போகிறேன். அவன் தங்கை கஸ்தூரி ஸ்டேஷனில் கொடுத்த புகாரில் இதைச் சொல்லியிருக்க மாட்டாள்.

நானும் செழியனும் ஒரே கல்குவாரியில் ஜல்லி பொறுக்கி வளர்ந்தவர்கள். பாறையை ஓங்கி அடித்தால் கைதான் போகும். ஒரே கோட்டில் உளி வைத்து மெதுவாகத் தட்டிக்கொண்டே வர வேண்டும். கடைசியில் தானாகப் பிளக்கும்.

இரண்டாயிரமாம் ஆண்டில் ஆசிரமத்துக்குப் பின்னால் அறை எடுத்து, பழைய கம்ப்யூட்டரில் செஸ் புரோகிராம் எழுதினோம். பலகையின் அறுபத்து நான்கு கட்டங்களும் அதற்குள் ஒரே வரிசையில் நிற்கும் அறுபத்து நான்கு பிட்டுகள், ஒவ்வொன்றும் ஒன்று அல்லது பூஜ்யம். இடது மூலையிலிருந்து எண்ணினால் எல்லா இடத்திலும் அப்படியே எண்ண வேண்டும். புரோகிராமின் ஒரு வரியில் மாறினாலும் பலகை கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பிவிடும். ராணியின் இடத்தில் ராஜா நிற்பார்.

பக்கத்து விடுதியில் தங்கியிருந்த ஜெர்மன்காரர் அதைப் பார்த்தார். கார்த்திகை தீபத்துக்குள் பிழையில்லாமல் ஓடினால் செழியனுக்குத் தன் ஊரில் வேலை என்றார். செழியனுக்கு மட்டும்.

"போய்ட்டு உன்னையும் இட்டுக்கினு போறேண்டா மண்ணாங்கட்டி. மூஞ்சிய ஏன் உம்முனு வச்சிருக்க?" என்று சிரித்தான்.

மறுநாள் அவன் குளிக்கப் போனபோது ஒரு வரியைத் திருப்பி வைத்தேன். தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்தான். அடுத்த நாள் வேறொரு வரி.

"நேத்து சரியா இருந்துச்சேடா. நானே மாத்திட்டேனா?"

"உனக்கு வேலை ஜாஸ்தி. டீ குடி," என்றேன்.

தீபம் முடிந்து ஜெர்மன்காரர் போய்விட்டார். அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பிழை இல்லாத நாளில் அவன் கதவைப் பார்க்கிறான். பிழை இருந்தால் என்னைப் பார்க்கிறான். மாலைக்குள் அவன் சரிசெய்வதும், காலையில் நான் திருப்பி வைப்பதுமாக மூன்று தீபம் போய்விட்டது.

போன மாதம் கஸ்தூரி வந்து அழுதாள். "சாப்பிட உக்காந்தா அண்ணன் எது சோத்துக் கைனு என்னையே கேக்குதுண்ணே."

அவனுக்கு நான் காட்டினேன். இடது கையை.

பூட்டி வைத்தேன் என்று எழுதியிருக்கிறாள். அது பொய். கதவு திறந்தேதான் கிடக்கிறது. பிழை தீராமல் அவன் வெளியே கால் வைப்பதில்லை. ஒருநாளும் நான் அவனை ஓங்கி அடித்ததில்லை.

இன்று விடிந்ததும் ஆள் அனுப்பிவிட்டீர்கள். வரியைத் திருப்பி வைக்காமலே வந்துவிட்டேன். இந்நேரம் பலகை சரியாக நின்றிருக்கும். சீக்கிரம் எழுதிக்கொண்டு என்னை அனுப்புங்கள், அய்யா. தனியாக இருக்கிறான். பயந்துவிடுவான்.