பதினெட்டாவது பலகை

அருங்காட்சியகத்துக்குப் பழைய செருப்பைத்தான் போட்டுக்கொண்டு போக வேண்டும் சார். புதுச் செருப்பு கடித்துவிடும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இருபத்தேழு வருடம் ஆகவில்லை. மற்றதற்கு ஆனது.

என் வீட்டுக்காரர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். தங்கமான மனிதர். என் பையையும் அவரே சுமப்பார். போகிற இடத்தில் எழுத்து என்று ஒன்று இருந்தால் அதை வாசிக்காமல் அடுத்த அடி வைக்க மாட்டார். தீயணைப்பு உருளையில் எழுதியிருப்பதையும் விடமாட்டார். பிழை இருந்தால் காவலாளியைத் தேடிப் பிடித்துச் சொல்வார். அதில் அரை மணி போகும். என் தங்கை அவருக்கு வைத்த பெயர் பலகை அத்தான். அவரும் சிரிப்பார்.

நான் பள்ளியில் ஓவிய ஆசிரியை. ஓவியங்களை எப்போதும் கடைசிக் கூடத்தில்தான் வைக்கிறார்கள். முதல் கூடத்தில் பானை ஓடு. நாங்கள் நாற்பத்தொரு அருங்காட்சியகம் பார்த்திருக்கிறோம். பானை ஓட்டைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்கிறேன். ஐந்து மணிக்கு மணி அடிக்கும். “மிச்சத்த அடுத்த தடவ பாத்துக்கலாம்” என்பார்.

இந்த ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு படம் இருக்கிறது. ஆற்றில் துணி அலசும் பெண். புத்தகத்தில் அதைக் காட்டித்தான் இருபத்திரண்டு வருடம் நீலம் கலக்கச் சொல்லிக்கொடுத்தேன். பழுதுபார்க்க நாளையிலிருந்து அந்த ஓவியக் கூடத்தை மூடுகிறார்கள். மூன்று வருடம். அடுத்த தடவை என்பது இல்லை.

அவருக்குக் கோட்டையை முதலில் பார்க்க வேண்டும். சரி என்றேன். கோபுரத்தின் உச்சிக்கு வருவதற்குள் பதினேழு பலகை, மணி மூன்றரை. வழக்கம்போல் நான் முன்னால் ஏறிவிட்டேன். அங்கே கைப்பிடிச் சுவரில் சின்னத் தகரப் பலகை ஒன்று கம்பியில் தொங்கியது. சுவர் தளர்ந்திருக்கிறது, சாயாதீர்கள் என்று போட்டிருந்தது. கழற்றி என் சேலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டேன். ஒரு நாளாவது அவர் எழுத்தை விட்டுவிட்டுக் காட்சியைப் பார்க்கட்டும் என்றுதான்.

பார்த்தார். “அழகா இருக்கு” என்றார். மனதார மகிழ்ந்தார் சார், அதை எழுதிக்கொள்ளுங்கள். கீழே புதர். சத்தம் பெரிதாக இல்லை.

நாலு மணிக்கு ஓவியக் கூடத்தில் இருந்தேன். நேராக அதற்குத்தான் போனேன். பானை ஓட்டுக் கூடத்தைத் தாண்ட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எனக்கே சிரிப்பு வந்தது. படம் நான் நினைத்ததைவிடச் சிறியது. ஆனால் அந்த நீலம், புத்தகத்தில் பார்த்த நீலமே இல்லை. மணி அடிக்கும்வரை நின்றேன். பிறகு வெளியே வந்து உங்களுக்குச் சொன்னேன்.

பலகை மாட்டவில்லை என்று அந்தக் கோட்டைக் காவலாளியை வெளியே உட்கார வைத்திருக்கிறீர்கள். பாவம், அவரை அனுப்பிவிடுங்கள். மாட்டியிருந்தார். இதோ பலகை. எழுத்து சுத்தமாக இருக்கிறது, ஒரு பிழை இல்லை. அரை நிமிடத்தில் வாசித்து முடித்திருப்பார்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். சுவரில் கை வைக்கும் முன் அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “இங்க பலகை ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டார்.

“இல்லைங்க” என்றேன். “நல்லா சாஞ்சு பாருங்க.”