மேபல் பறந்த திசை

வில்ஃப்: பறந்துட்டா சார்! மேபல் பறந்துட்டா!

லாக்லன்: புறா கால்ல சீட்டைக் கட்டினியா?

வில்ஃப்: கட்டிட்டேன். பெட்ரோல் தீர்ந்து கடல் விமானத்தைத் தண்ணியில இறக்கிட்டோம், ரேடியோ செத்துப்போச்சு, இந்த இடத்துல மிதக்கிறோம்... எல்லாம் எழுதியாச்சு. 'சமையல்காரன் வில்ஃப் நலம்'னும் சேர்த்தேன்.

லாக்லன்: அது எதுக்குடா?

வில்ஃப்: எங்கம்மா கவலைப்படுவாங்கல்ல...

லாக்லன்: அட... இது போருடா! அந்த ஜெர்மன் நீர்மூழ்கியைத் தேடித் தேடியே பெட்ரோலைக் கரைச்சோம். புறா கரைக்குப் போய்ச் சேர்ந்தாத்தான் நம்மளத் தேடி வருவாங்க. அலை எழும்பிச்சோ, விமானம் சுக்குநூறு.

வில்ஃப்: குளிருதே, உங்க கம்பளித் தொப்பி எங்க சார்?

லாக்லன்: அதைக் கேட்காதே. புறாவைப் பாரு.

வில்ஃப்: ஒரு சுத்து சுத்துறா...

லாக்லன்: திசை பார்க்கிறா.

வில்ஃப்: இன்னொரு சுத்து...

லாக்லன்: நல்லாப் பார்க்கிறா.

வில்ஃப்: இறக்கையில உட்கார்ந்துட்டா.

லாக்லன்: எந்த இறக்கையில?

வில்ஃப்: நம்ம இறக்கையிலதான் சார்.

லாக்லன்: விரட்டுடா!

வில்ஃப்: ஷூ! ஷூ!... மறுபடியும் நம்ம தலைக்கு மேலயே சுத்துறா. சார்... திட்ட மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன்.

லாக்லன்: திட்டுவேன். சொல்லு.

வில்ஃப்: ரோந்து முடிஞ்சதும் புறாவைத் தளத்துக் கூண்டுல ஒப்படைக்கணும்ல... நான் ஒப்படைக்கிறதே இல்லை. அன்னிக்கு நம்ம மேல குண்டு மழை பெஞ்சும் ஒருத்தனுக்கும் கீறல் விழலையே, அப்போ மேபல் கூட இருந்தா. ராசிக்காரி. அதான் அடுப்புப் பக்கத்துலயே குடி வச்சிட்டேன்.

லாக்லன்: அப்போ அவளுக்கு வீடு...

வில்ஃப்: இந்த விமானம்தான். வீட்டுக்கு வந்துட்டா.

லாக்லன்: அடப்பாவி! சிரிக்காதே!

வில்ஃப்: நீங்கதான் சார் சிரிக்கிறீங்க.

லாக்லன்: இது பயத்துல வர்ற சிரிப்பு... டேய், அங்க என்ன, படகா?

வில்ஃப்: மீன்பிடிப் படகு! ஏதோ கத்துறாங்க... "நடுக்கடல்ல புறா வட்டமடிக்குதே, என்னன்னு பார்க்க வந்தோம்"ங்கிறாங்க சார்!

லாக்லன்: கயிறு வீசச் சொல்லு! சீக்கிரம்!

வில்ஃப்: வீசிட்டாங்க, புடிச்சிட்டேன்!... சார், மேலிடத்துல என்னைப் போட்டுக் கொடுத்துடாதீங்க. கரைக்குப் போனதும் மேபலைக் கூண்டுல விட்டுடறேன்.

லாக்லன்: விடாதே.

வில்ஃப்: ஏன் சார்?

லாக்லன்: மெதுவாப் பேசு... என் இருக்கைக்கு அடியில மேபல் போட்ட ரெண்டு முட்டை இருக்கு. தொப்பியைப் போட்டு நான்தான் மூடி வச்சிருக்கேன்.