ஒன்றுமில்லை என்று சொல்வதற்கான கட்டணம்

இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் ஆறு பல்லும் இன்றைக்கே உதிர்ந்து போகட்டும் என்று சத்தியம் செய்துவிட்டே ஆரம்பிக்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. எழுதுகிறவரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். எனக்கு அவசரமில்லை. நாற்காலியும் சௌகரியமாக இருக்கிறது.

கார் ஓட்டும்போது பாட்டுக் கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. அதனால்தான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. வண்டி திரும்பும்போது மட்டும் பின்பக்கத்திலிருந்து ‘கடகட, டொக்’ என்று வரும். நேராகப் போனால் வராது. பின்னால் யாராவது உட்கார்ந்தாலும் வராது. கூச்ச சுபாவமுள்ள சத்தம்.

வண்டி வாங்கிய கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோனேன். அங்கே டை கட்டிய ஒருவர் இருந்தார். வருகிறவர்களிடம் குறையைக் கேட்டு, ஜாப் கார்டில் எழுதி, வண்டியை உள்ளே அனுப்புவது அவர் வேலை. என்ன மாதிரிச் சத்தம் என்று அவர் கேட்கவில்லை. கார்டில் ‘சத்தம்’ என்று மட்டும் எழுதினார். ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு ஒயரைச் செருகினார்கள். பதினொரு நிமிடம் கழித்து உருவினார்கள். பிறகு பில் வந்தது. முதல் வரி, பரிசோதனைக் கட்டணம். இரண்டாவது வரி, குறை ஏதும் கண்டறியப்படவில்லை. அந்தத் தொகைக்கு எங்கள் வீட்டில் இரண்டு மாதம் பால் வாங்கலாம்.

ஒன்றுமில்லை என்று சொல்வதற்கா இவ்வளவு என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன்.

“ஸ்கேனர்ல எரர் கோட் எதுவும் வரல சார். கோட் இல்லன்னா குறை இல்ல. ஆனா பாத்தோம்ல? பாத்ததுக்குத்தான் சார்ஜ்,” என்றார் டைக்காரர்.

நியாயமான பதில். அதனால் மொத்தம் ஐந்து முறை போனேன். ஐந்து முறையும் பார்த்தார்கள். மூன்றாவது முறை காப்பி கூடக் கொடுத்தார்கள். அதைக் குடிக்கும்போதுதான் டைக்காரர் தன் கஷ்டத்தைச் சொன்னார். திறந்த ஜாப் கார்டை முடிக்காமல் விட்டால் அவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களாம். நான் அனுதாபப்பட்டேன். நினைவிலும் வைத்துக்கொண்டேன்.

என் மகள் ஐந்து பில்லையும் ஃபிரிட்ஜ் கதவில் வரிசையாக ஒட்டிவைத்தாள். “அஞ்சு பில்லுப்பா. அஞ்சுலயும் ஒண்ணுமில்லன்னுதான் போட்டிருக்கு. அப்ப சத்தம் எங்கேருந்து வருது?” என்று கேட்டு, என் தலையைப் பார்த்தாள். வண்டியைப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சத்தம் இருக்கிறது என்று எவனாவது எழுதிக் கொடுத்தால் சரி, இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை சமையலறைக்குள் போய் நின்றுகொண்டார். மாப்பிள்ளைகளின் வீரம் அவ்வளவுதான்.

ஐயா, நாற்பத்திரண்டு வருடமாக என் பாக்கெட்டில் சாவி இருக்கிறது. அது இல்லாமல் நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவேன்.

வியாழக்கிழமை ஆறாவது முறையாகப் போனேன். ஒயரெல்லாம் வேண்டாம், நீங்களே வண்டியில் ஏறிக் காதால் கேளுங்கள் என்றேன். அதற்குத் தனிக் கட்டணம் என்றார். கட்டினேன். அவரே தன் கைப்பட ஜாப் கார்டில் எழுதினார்: ‘வாடிக்கையாளருடன் சென்று, சத்தம் கேட்கும் வரை ஓட்டிப் பார்க்கவும்.’ கையெழுத்து, கம்பெனி முத்திரை, எல்லாம் உண்டு. அந்தக் கார்டை வாங்கி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

சத்தம் பின்பக்கம் என்பதால் அவரைப் பின்னால் உட்காரச் சொன்னேன். பின்கதவு உள்ளிருந்து திறக்காதபடி சைல்டு லாக் போட்டிருந்தேன். பாதுகாப்பு முக்கியம். காது கொடுத்துக் கேட்கும்போது போன் அடித்தால் கெட்டுவிடும் என்று அதையும் வாங்கி முன்னால் வைத்துக்கொண்டேன்.

சர்வீஸ் சென்டருக்கு எதிரிலேயே ஒரு ரவுண்டானா. திரும்பும்போது மட்டும் வருகிற சத்தத்துக்கு அதைவிட நல்ல இடம் எது? சுற்ற ஆரம்பித்தேன்.

முதல் நூறு சுற்று அவர் செய்தித்தாளில் வந்ததைப் பற்றிப் பேசினார். அதற்குப் பிறகு கண்ணாடியைத் தட்டினார். சர்வீஸ் சென்டர் வாசலில் நின்ற மெக்கானிக்குகள் சிரித்துக் கையசைத்தார்கள். அவர் இன்னும் பலமாகத் தட்டினார். அவர்களும் இன்னும் பலமாக அசைத்தார்கள். நல்ல பிள்ளைகள்.

மாலையில், தம்பி, கேட்டதா என்றேன். இல்லை என்றார். கார்டில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்றேன்.

இருட்டில் ஓட்டக்கூடாது என்று கண் டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் விதிகளை மதிக்கிறவன். பகலில் மட்டும் சுற்றினேன். ரவுண்டானா ஓரத்திலேயே பெட்ரோல் பங்க் இருந்தது. இரவில் அங்கேயே நிறுத்தி, கதவைப் பூட்டிக்கொண்டு இருவரும் வண்டிக்குள்ளேயே தூங்கினோம். முதல் நாள் அதன் கழிப்பறைக்குப் போனவர் தானாகவே திரும்பி வந்து ஏறிக்கொண்டார். முடிக்காத கார்டு என்னிடம் அல்லவா இருந்தது. இரண்டாம் நாளிலிருந்து அவர் போகும்போது அவருடைய டையின் நுனி என் கையில் இருந்தது. ரொட்டியும் வாழைப்பழமும் என் செலவு.

இரண்டாம் நாள் மதியம் அவருடைய மாமியார் ஊரிலிருந்து வந்து, இரண்டு பெட்டிகளோடு ரவுண்டானா பஸ் நிறுத்தத்தில் இறங்கினார். இவர்தான் அழைத்துப் போக வேண்டுமாம். ஒரு சுற்றுக்கு ஒரு முறை மாமியாரும் மருமகனும் பார்த்துக்கொண்டார்கள். அறுபதாவது சுற்றில் அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் டைக்காரர் முதல்முறையாகக் கொஞ்சம் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

டிராபிக் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். ஜாப் கார்டைக் காட்டினேன். முத்திரையைப் பார்த்தார், பின்னால் அழுகிறவரையும் பார்த்தார். “கம்பெனி வேலையா? முடிச்சுட்டுச் சீக்கிரம் கிளம்புங்க பெரியவரே,” என்று வழிவிட்டார். முத்திரைக்கு அவ்வளவு மதிப்பு.

அன்று சாயங்காலமே, கேட்கிறது, நன்றாகக் கேட்கிறது என்று டைக்காரர் சொன்னதை மறைக்க விரும்பவில்லை. எப்படிக் கேட்கிறது என்றேன். கீச்சென்று என்றார். பொய். பொய்யான வாக்குமூலத்தை ஏற்பது எவ்வளவு தப்பு என்று உங்களுக்குத் தெரியாததா? சுற்றினேன்.

முதல் நாள் என்னை சார் என்றார். இரண்டாம் நாள் ஐயா. மூன்றாம் நாள், மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவது சுற்றில், அவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்தார். கண் எங்கேயோ போய்விட்டது.

“அப்பா,” என்றார் மெதுவாக. “கடகடன்னு வருதுப்பா. அப்புறம் ஒரு டொக்.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த டொக்கை நான் அவரிடம் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. வண்டியை ஓரங்கட்டி, கதவைத் திறந்து, பேனாவைக் கொடுத்தேன். ‘சத்தம் உறுதி செய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கொஞ்சம் கோணல். பரவாயில்லை, படிக்க முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் அதைப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். ஐந்து பில்லையும் கிழித்துப் போட்டு, நான் நீட்டிய சாவியை என் உள்ளங்கையிலேயே வைத்து மூடினாள். “தப்பா நெனச்சுட்டேன்ப்பா,” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு இன்னும் மூவாயிரம் சுற்று சுற்றுவேன்.

டைக்காரருக்கு இப்போது வீட்டில் இருக்கும்போதும் அந்தச் சத்தம் கேட்கிறதாம். மின்விசிறி சுற்றினால் கேட்கிறது, கட்டிலில் புரண்டு படுத்தால் கேட்கிறது, மாமியார் திரும்பினால் கேட்கிறது. மனைவி காது டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறார். அவரும் ஒயரைச் செருகிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லிக் கட்டணம் வாங்கிக்கொண்டார். பார்த்தார் அல்லவா, பார்த்ததற்குத்தான்.

ஆளை மூன்று நாள் அடைத்து வைத்ததை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாம் அந்தச் சத்தத்தைக் கண்டுபிடிக்கத்தான் என்பதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். எழுதியாயிற்றா? அதற்குக் கீழே ஒரே ஒரு வரி மட்டும் பாக்கி. பின்சீட்டுக்கு அடியில் உருண்டுகொண்டிருந்த என் தலைவலித் தைலப் புட்டியை, சுற்ற ஆரம்பிப்பதற்கு முந்தின நாள், புதன்கிழமை காலையிலேயே நான் எடுத்துவிட்டேன்.