ஆன்டிபாடிக்கு உடைத்த தேங்காய்

சிகிச்சைக்கு முன் அனுமதி கேட்டால் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது அரசு அலுவலக விதி. மருத்துவச் செலவுப் பிரிவு குமாஸ்தாவாக அதை நான் பலமுறை மேற்கோள் காட்டியிருக்கிறேன், அப்படி நடந்து பார்த்ததில்லை. மயிலாப்பூர் குளத்தருகே பஸ்ஸுக்கு நின்றபோது எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“எங்க வூட்டுக்காரரு ரிப்போர்ட்ல ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடி இருக்குன்னு போட்டிருந்துச்சு. எதிர்ப்பு சக்தி வந்துடுச்சுன்னு பிள்ளையாருக்குத் தேங்கா ஒட்ச்சேன்டி.”

“நல்லதுதானேக்கா?”

“இல்லியாம். அந்தக் கிருமி சட்டைய மாத்திக்கினே கீதாம். ஒடம்பு பழைய சட்டையத் தேடிக்கினு கீதாம். தானாப் போவாது, மருந்து எடுக்கணும்னாரு டாக்டர். அதுக்குள்ள ஒரு வருஷம் சும்மா இருந்துட்டேன்.”

“அப்புறம்?”

“மருந்துக்கு அவரு ஆபீஸ்ல அனுமதி கேட்டு எழுதிப் போட்டோம்.”

“குடுத்தாங்களா?”

“குடுத்தாங்க. அவரோட பதினாறாம் நாள் காரியத்தன்னிக்கு வந்துச்சு.”