கண்மாய்ப் பூவும் சீனிக்கிழங்கும்

தனக்கே தெரியாமல் ஒரு தாய் பிள்ளைக்கு எதையெல்லாம் கொடுத்துவிடுகிறாள்? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

அலங்காநல்லூர் பேருந்தில், மடியிலிருந்த கைக்குழந்தைக்கு அவித்த சீனிக்கிழங்கை, அதாவது சர்க்கரைவள்ளியை, மசித்து ஊட்டிக்கொண்டிருந்தேன். முன்சீட்டில் ஓர் அம்மாவும், அவரை அத்தை என்று அழைத்த கல்லூரிப் பெண்ணும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“செடியப் பத்திப் படிக்கிறேல்ல, சொல்லு. நம்ம வெள்ளாடு செவுத்தையே பாத்துக்கிட்டு நிக்குது. தலை வேற ஆடுது.”

“கண்மாய்க்கரையில ஊதாப் பூ பூக்குமே, நெய்வேலிக் காட்டாமணக்கு. அதத் தின்னுச்சா அத்தை?”

“தெனமும் அதத்தேன் தேடிப் போகுது.”

“கட்டிப்போடுங்க. அது விஷம். செடிக்குள்ள ஒரு பூஞ்சை குடியிருக்கு, அதோட வேலை. தாய்ச்செடி விதை வழியா பிள்ளைச்செடிக்கும் குடுத்துரும்.”

“நல்ல சீர்தேன்.”

“சீனிக்கிழங்கும் அதே குடும்பந்தான்.”

என் கரண்டி பாதியில் நின்றது.

“அடிப்பாவி, அம்புட்டுப் பேரும் திங்கிறோமேடி!”

“கிழங்குல அந்த விஷம் இல்லத்தை. ஒரே குடும்பம்னா எல்லாரும் ஒண்ணுபோலவா?”

“அதுஞ்சரி. உங்கப்பனும் நானும் ஒரே குடும்பந்தேன். ஆடு பொழைக்குமா?”

“இப்பவே நிப்பாட்டுனா பொழைக்கும்.”

இருவரும் இறங்கிப் போனார்கள். நிம்மதியாகக் கரண்டியை மறுபடி நீட்டினேன். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. அன்று முதல் சீனிக்கிழங்கைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொள்கிறாள்.

கிழங்கில் விஷமில்லை, தெரியும். என் பயத்தைப் பிள்ளைக்குக் காட்டாமல் ஊட்டுவது எப்படி? பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்களேன்.